திண்டுக்கல் பாறையும் ஐதர் அலியும்

ரெட்டியார்சத்திரத்தில் பேருந்து ஏறித் திண்டுக்கல்லுக்குச் செல்லும் நம் மாணவ நண்பர்கள் எல்லோரும் அந்தப் பாறையை அறிவார்கள். நகரம் நெருங்க நெருங்க, வீடுகளுக்கும் மின்கம்பங்களுக்கும் மேலே, யாரோ சாய்ந்து உட்காருவதற்காகப் போட்டு வைத்த திண்டு போல அது கிடக்கும். அந்தத் திண்டுதான் ஊருக்கே பெயர் தந்தது என்பர். தலபுராணம் அதனைப் பத்மகிரி என்று அழைக்கிறது. மதுரையை ஆண்ட முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ஆம் ஆண்டில் அதன் உச்சியில் கோட்டை எழுப்பினார். இதெல்லாம் பள்ளியிலேயே நாம் படித்த செய்திகள். பல ஆண்டுகளாக அந்தப் பாறையை நானும் சன்னலோர இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் சென்றேன். அதன்மேல் வாழ்ந்த ஒரு மனிதன் என் வீட்டுத் தொழுவம் வரை வந்து போயிருக்கிறான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

என் அப்பத்தா மாடுகளைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தியைத் தவறாமல் சொல்வார். அவருடைய முன்னோர் காலத்தில் ஐதர் கலாபம் வந்ததாம். குதிரைப் படை வருகிறது என்று சேதி கிடைத்ததும், மாடுகளின் கழுத்து மணிகளை எல்லாம் அவிழ்த்துச் சாக்கில் கட்டிக்கொண்டு, இரவோடு இரவாகக் கன்னிவாடி மலைப்பக்கம் ஓட்டிச் சென்றார்களாம். மணிச் சத்தம் கேட்டால் படைக்காரன் மோப்பம் பிடித்துவிடுவான் அல்லவா? அந்த மணிகளில் ஒன்று என்று சொல்லி, நாக்கு இல்லாத ஒரு வெண்கல மணியை அவர் இன்றும் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சிறு வயதில் நான் இதைக் கதை என்றே எண்ணினேன். ஐதர் என்பது பூதத்தின் பெயர் என்றுகூட நினைத்தது உண்டு.

கல்லூரியில் சேர்ந்த பிறகு, என்னுடன் ஒரே பெஞ்சில் உட்காரும் நண்பன் ஒருவன் கிடைத்தான். அவன் வீடு திண்டுக்கல் பேகம்பூரில். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கிறது. அந்தப் பேகத்தின் பெயரால்தான் பேகம்பூரே. அவனுக்கு ஐதர் என்றால் வெள்ளையனை நடுங்க வைத்த வீரர். எனக்கோ மாடு பிடிக்க வந்தவர். நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒருநாள் சற்றுச் சூடாகவே பேசிவிட்டோம். இரண்டு நாட்கள் பேச்சு வார்த்தை இல்லை. எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் இதனை எப்படியோ அறிந்து, எங்கள் இருவரையும் ஒரு சனிக்கிழமை கோட்டைக்கு அழைத்துச் சென்றார். அங்கே தொடங்கிய தேடலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறினோம். வெயில் கடுமை. மேலே செங்கல்லும் கல்லும் கொண்டு கட்டிய மதில்கள், பீரங்கி வைக்கும் மேடைகள், வெடிமருந்துக் கிடங்குகள், மழைநீர் தேங்கும் சுனைகள், மூர்த்தி இல்லாத ஒரு கற்கோயில் ஆகியவற்றைக் கண்டோம். சுவர்களில் காதலர்களின் பெயர்கள் கரியாலும் கல்லாலும் எழுதப்பட்டிருந்தன. (தொல்லியல் துறை வேலி போட்டாலும் நம்மவர் கை சும்மா இருப்பதில்லை.) பேராசிரியர் எங்களை ஒரு கிடங்கின் உள்ளே நிறுத்தி, இந்த அறை யாருக்காகக் கட்டப்பட்டது, இங்கிருந்து யாரைச் சுடுவதற்கு, இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று மூன்று கேள்விகள் கேட்டார். முதல் இரண்டிற்கு உடனே விடை சொன்னோம். மூன்றாவதற்கு இருவருமே விழித்தோம்.

ஐதர் அலி கோலார்ப் பக்கத்துப் புதிக்கோட்டையில் ஏறத்தாழ 1720-ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தை பத்தே முகமது ஒரு படைத்தலைவர். ஐதர் சிறுவனாக இருந்தபோதே தந்தை போரில் இறந்தார். அவருடைய எசமானரின் மகன், இறந்தவர் பட்ட கடனைக் கறப்பதற்காக, ஐதரையும் அவருடைய அண்ணன் சபாசையும் பிடித்து ஒரு பேரிகைக்குள் அடைத்து, மேல் தோலை இறுக்கிக் கட்டி முழக்கச் செய்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குடும்பத்தாரிடம் இருந்ததெல்லாம் பறிக்கப்பட்ட பிறகே பிள்ளைகள் விடுபட்டனர். பணத்துக்காக மனிதரை எப்படிப் பிழியலாம் என்பதை அந்த வயதிலேயே தன் உடம்பால் படித்துவிட்ட பிள்ளை அவர். ஏட்டுப் படிப்போ இல்லை. கடைசி வரை எழுதப் படிக்கத் தெரியாது. தம் பெயரின் முதல் எழுத்து ஒன்றை மட்டும் எழுதப் பழகினார். அதையும் தலைகீழாகத்தான் போடுவாராம். ஆனால் கன்னடம், தெலுங்கு, மராத்தி, தமிழ், இந்துஸ்தானி என்று ஐந்து மொழிகளில் சரளமாகப் பேசுவார். கணக்கை மனத்திலேயே போடுவார்.

1749-ஆம் ஆண்டு தேவனஹள்ளி முற்றுகையில் அவருடைய துணிவைக் கண்டு மைசூரின் அமைச்சர் நஞ்சராசர் அவருக்குச் சிறு படை ஒன்றைக் கொடுத்தார். அடுத்து வந்த திருச்சிராப்பள்ளிப் போர்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் படை நடத்தும் முறையை அவர் அருகிலிருந்து பார்த்தார். அந்தப் போர்களில் மைசூருக்கு மிஞ்சியது ஒன்றும் இல்லை. ஐதருக்கு மட்டும் ஒரு பாடம் மிஞ்சியது. எண்ணிக்கையில் பெரிய படையை, ஒழுங்காகச் சுடத் தெரிந்த சிறிய படை வெல்லும் என்பதே அது.

1755-ஆம் ஆண்டு அவர் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக, அதாவது படையதிகாரம் கொண்ட ஆளுநராக, அனுப்பப்பட்டார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பாகவே இச்சீமை மைசூரின் கைக்குப் போயிருந்தது. ஆனால் பாளையக்காரர்கள் ஒழுங்காகக் கப்பம் கட்டுவதாயில்லை. ஐதரின் வாழ்க்கையில் மற்றவர்கள் இந்தப் பகுதியை இரண்டு வரியில் கடந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய்விடுவார்கள். நான் இங்கேதான் நிற்கப் போகிறேன். ஏனென்றால் திண்டுக்கல்லுக்கு வரும்போது அவர் ஒரு படைத்தலைவர். இங்கிருந்து போகும்போது ஓர் அரசுக்கே ஆசைப்படக்கூடிய ஆள்.

வந்த வேலை பழனி, விருப்பாட்சி முதலிய பாளையங்களை அடக்குவது. இதனை விரிவாக எழுதியவர் மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயர். மைசூரில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்தவர். 1810-இல் அவருடைய நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. பகைவர் தரப்பிலிருந்து எழுதியவர் என்பதால் அவர் சொல்வதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேராசிரியர் முன்னெச்சரிக்கை செய்தார். ஆயினும் அவர் சொல்லும் ஒரு செய்தியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐதர் முதலில் பாளையக்காரரிடம் நட்பாகவே பேசினார். மலைக்காட்டில் ஒளித்து வைத்திருந்த மாடுகள் எல்லாம் அச்சம் தெளிந்து ஊர்களுக்குத் திரும்பின. திரும்பியதும் ஒரே வீச்சில் அவற்றை வளைத்து ஓட்டிச் சென்று விற்றுப் பணமாக்கிவிட்டார்! நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும் நாக்கில்லாத மணி காதில் ஒலித்தது. அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். வில்க்சின் பெயரைக் கேட்டிருக்கவே வழியில்லை. ஆனாலும் மாடு, மலை, ஒளித்தல் என்ற மூன்றும் இரண்டு கதையிலும் இருக்கின்றன. நாள் கணக்குப் பொருந்துமா என்று என்னைக் கேட்டால், அதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

படைவீரர் எண்ணிக்கைக்கு ஏற்ப மைசூரிலிருந்து பணம் வரும். அதை எப்படிப் பெருக்கினார் தெரியுமா? போர் ஒன்று முடிந்ததும் காயம்பட்ட வீரர்களுக்கு உதவித் தொகை கொடுக்க அரசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். உண்மையில் காயம்பட்டவர் 67 பேர். அதிகாரியின் முன் மஞ்சள் துணியால் கட்டுப்போட்டுக்கொண்டு முனகியபடி படுத்திருந்தவர்களோ ஏறக்குறைய 700 பேர்! வேறொரு சமயம் படைக் கணக்கெடுப்பு நடந்தபோது, வீரர்களை வட்டமாகச் சுற்றிவரச் செய்து, 10,000 பேரை 18,000 என்று எண்ண வைத்தாராம். இந்தக் கணக்குகளுக்கெல்லாம் கை கொடுத்தவர் கண்டே ராவ் என்ற கணக்கர். இவற்றைப் படித்து நானும் நண்பனும் வாய்விட்டுச் சிரித்தோம். சண்டைக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

இப்படிச் சேர்த்த பணத்தை அவர் வீணாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களிலிருந்து கைதேர்ந்த தொழிலாளர்களை வரவழைத்தார். பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் திண்டுக்கல்லில் ஆயுதச் சாலையும் வெடிமருந்துச் சாலையும் அமைத்தார். ஒழுங்கான பீரங்கிப் படை ஒன்று இங்கே உருவாயிற்று. எங்கள் பேராசிரியரின் மூன்றாவது கேள்விக்கு விடை இதுதான். பீரங்கி மேடைக்கும் வெடிமருந்துக் கிடங்குக்கும் பின்னால் விற்ற மாடுகளும் மஞ்சள் துணியும் இருக்கின்றன. மதிற்சுவர் இதைத் தானாகச் சொல்லாது.

எல்லாமே வெற்றி என்றும் எண்ணிவிட வேண்டாம். 1757-இல் சோழவந்தானைப் பிடித்து மதுரை வரை கொள்ளையிட்டுச் சென்றவரை, நத்தம் கணவாய்ப் பக்கத்தில் கான்சாகிப் என்று நம் மக்கள் அழைக்கும் யூசுப் கான் முறியடித்துத் திருப்பி அனுப்பினார். சம்பளம் கிடைக்காத மைசூர்ப் படை கலகம் செய்ததால், ஐதர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைக்கப்பட்டார். கலகத்தை அடக்கினார், பிறகு அழைத்தவர்களையும் அடக்கினார். 1760-இல் பழைய கணக்கர் கண்டே ராவே அவருக்கு எதிராகச் சூழ்ச்சி செய்தார். உயிர் தப்பி ஓடிய ஐதர், மறு ஆண்டே திரும்பி வந்து வென்றார். கண்டே ராவுக்காக அரண்மனைப் பெண்கள் இரங்கி வேண்டியபோது, அவரைக் கிளியைப் போல் வைத்துக் காப்பதாக வாக்களித்தார். வாக்கைக் காப்பாற்றினார்: இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்தார்! இதை எண்ணும்போது அந்தப் பேரிகைக்குள் அடைபட்ட சிறுவனும் என் நினைவில் வருகிறான்.

1761 முதல் மைசூர் அவர் கையில். உடையார் பெயருக்கு மன்னர். 1763-இல் பெத்னூரின் பெருஞ்செல்வம் கிடைத்தது. 1767-இல் தொடங்கிய ஆங்கிலேயருடனான போரில் திண்டுக்கல்லை ஒருமுறை இழந்து மறு ஆண்டே மீட்டார். 1769-இல் குதிரைப்படையுடன் சென்னையின் வாசலுக்கே வந்து நின்று, கம்பெனியாரைத் தம் விருப்பப்படி உடன்படிக்கை எழுத வைத்தார். ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவுவதென்று அதில் இருந்தது. மராத்தியர் ஐதரைத் தாக்கியபோது கம்பெனியார் அதை மறந்தனர். ஐதர் மறக்கவில்லை.

அந்நாளில்தான் நம் சாலை வழியாக இன்னொரு வரலாறும் நடந்து வந்தது. 1772-இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதரை ஆங்கிலேயர் படையிடம் பறிகொடுத்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒட்டன்சத்திரம் தாண்டிச் சென்றால் வருவதுதான் அந்த விருப்பாட்சி. முன்பு ஐதரிடம் அடிபட்ட பாளையம் அது! அதே பாளையக்காரர் இப்போது ஐதரின் உதவியை அரசிக்கு வாங்கித் தரத் துணை நின்றார். திண்டுக்கல்லில் ஐதரைக் கண்டு அரசி உருது மொழியிலேயே பேசினார் என்பர். ஐதர் தந்த படை உதவியோடு 1780-இல் அவர் சிவகங்கையை மீட்டார். அந்தக் கோபால நாயக்கரை ஆங்கிலேயர் 1801-இல் தூக்கிலிட்டனர். விருப்பாட்சியில் இன்று அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

1780-ஆம் ஆண்டு சூலையில் ஐதர் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையுடன் செங்கம் கணவாய் வழியே இறங்கினார். செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஏவுகணை வாணங்கள் பொழிந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி. ஆனால் அந்தப் படையெடுப்பில் ஆங்கிலேயருக்கு உணவு கிடைக்கக் கூடாதென்று ஆர்க்காட்டுச் சீமையின் ஊர்கள் கொளுத்தப்பட்டன; ஏரிகளும் பயிர்களும் பாழாயின; மக்கள் மந்தை மந்தையாக ஓட்டிச் செல்லப்பட்டனர். ஐதர் கலாபம் என்ற சொல் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது சும்மாவா?

போன ஆண்டு கல்விச் சுற்றுலாவில் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றோம். திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் புள்ளலூர்ப் போர் வண்ண ஓவியமாக இருக்கிறது. சதுரமாக அணிவகுத்த வெள்ளையர் நடுவே பல்லக்கில் காயத்தோடு பெய்லி. சுற்றிலும் மைசூர்க் குதிரைகள். வென்றவர் தீட்டுவித்த படம் அது. அழிந்த ஏரி ஒன்றுகூட அதில் இல்லை. வியப்பு என்னவென்றால், தம் தோல்வியைக் காட்டும் அந்த ஓவியத்தைப் பிற்காலத்தில் பழுது பார்க்கச் செய்தவர்களும் ஆங்கிலேயர்களே. புள்ளலூரிலேயோ, அடுத்த ஆண்டு அங்கு நடந்த மற்றொரு போரில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகள் இருவருக்குத் தூண்கள் நிற்கின்றனவாம். தோற்ற இடத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அவர்கள் பெயர்தான் கண்ணில் படும்.

அருங்காட்சியகங்களில் ஐதரின் பொற்காசைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு புறம் சிவனும் பார்வதியும் அமர்ந்திருப்பர். மறுபுறம் ஐதரின் பெயருக்குரிய முதல் எழுத்து. கைப்பற்றிய நாட்டின் பழைய காசையே அவர் தொடர்ந்து அடித்தார். மக்கள் நம்பிக்கையோடு வாங்கும் காசை மாற்றினால் வணிகம் கெடும் என்ற கணக்காக இருக்கலாம். கோயில்களுக்கு மானியம் விட்ட பெருந்தன்மையாகவும் இருக்கலாம். நண்பன் இரண்டாவது என்கிறான். எனக்கோ, எழுதத் தெரியாத அந்த மனிதன் தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தைச் சிவபெருமானின் முதுகுப் புறத்தில் பொறித்தது மறக்க முடியாத காட்சியாக இருக்கிறது.

1781 சூலையில் பரங்கிப்பேட்டையில் சர் அயர் கூட்டிடம் ஐதர் தோற்றார். ஆயினும் போரை விடவில்லை. முதுகில் எழுந்த ராஜபிளவை அவரை வீழ்த்தியது. 1782 டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூருக்கு அருகில் பாசறையில் இறந்தார். மகன் திப்பு மேற்குக் கடற்கரையிலிருந்து வந்து சேரும் வரை சாவு மறைக்கப்பட்டது. உடல் முதலில் கோலாரில் தந்தையின் பக்கத்தில் வைக்கப்பட்டு, பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கருங்கல் தூண்களும் தந்தம் இழைத்த கதவுகளும் உள்ளே புலிவரி தீட்டிய சுவர்களுமாகத் திப்பு எழுப்பிய கும்பசில் ஐதர் நடுவில் கிடக்கிறார். இரு பக்கமும் மனைவியும் மகனும். நாங்கள் சென்ற அன்று ஒரு வயதான அம்மாள் எல்லா மதத்தாரோடும் வரிசையில் நின்று பூ வைத்துக் கும்பிட்டார்.

திண்டுக்கல் கோட்டை 1783-இல் கைமாறி, மறு ஆண்டு உடன்படிக்கையால் திப்புவிடம் திரும்பி, 1790-இல் மீண்டும் வீழ்ந்து, 1792-இல் நிலையாகக் கம்பெனியிடம் போனது. இப்போது அங்கே காவல் காப்பவை பெரும்பாலும் குரங்குகளே.

சுற்றுலா முடிந்து வந்த வாரம் நண்பன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அப்பத்தா வழக்கம்போல் மணிக் கதையைத் தொடங்கினார். நான் குறுக்கிட்டு, இவன் பேகம்பூர்க்காரன், ஐதரின் தங்கை அடங்கியிருப்பது இவன் தெருவுக்கு அருகில்தான் என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அவனுக்குத் தங்கச்சி வேறு இருந்தாளா என்று கேட்டார். பிறந்த மண்ணை விட்டு இங்கே வந்து கிடக்கிறாளே என்றும், அவளுக்கு விளக்கு ஏற்றுகிறார்களா என்றும் விசாரித்தார். நண்பன் ஏற்றுகிறார்கள் என்று சொன்னான். அப்பத்தா எழுந்து போய், அந்த மணியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாக்கு எங்கே என்று கேட்டான். அதை அவர்கள் காட்டிலேயே கழற்றி எறிந்துவிட்டார்கள் என்றார் அப்பத்தா.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரைப் பேகம்பூருக்கு அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பாறை ஏற மூட்டு விடாது. அங்கே படி இல்லை அல்லவா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.